முகாமிலிருந்து ஊர் வரை: தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குத் திரும்பும் குடும்பத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து உதவும் வழிமுறை

இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. 1983 தொடங்கி மன்னார்க் கரையிலிருந்தும் வடக்கின் பிற கரைகளிலிருந்தும் படகேறித் தமிழ்நாட்டை அடைந்த ஏறத்தாழ மூன்று லட்சம் பேரில் பலர் திரும்பிவிட்டனர், வேறு பலர் மூன்றாம் நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். எனினும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மண்டபம் முதல் கும்மிடிப்பூண்டி வரை நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்னமும் வாழ்கிறார்கள். ஊர் திரும்ப எண்ணும் அக்குடும்பங்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பாவோ, பெரியம்மாவின் பிள்ளையோ இருப்பது அரிதன்று. அப்படி ஓர் உறவினர் "எங்களுக்குப் போக உதவுவீர்களா?" என்று முதன்முறையாகக் கேட்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவும், உறவு இல்லாவிட்டாலும் உதவ முன்வரும் தொண்டூழியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். பயணச்சீட்டு என்பது இந்தப் பணியின் கடைசிக் கட்டம். ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்த பிறகே அதை வாங்க வேண்டும். மேலும், செலவை ஏற்பவர் நீங்களாக இருந்தாலும் முடிவை எடுப்பவர் நீங்கள் அல்லர்.

முதற்படி: போக விரும்புகிறார்களா என்பதைத் தனித்தனியாகக் கேட்டறிதல்

தாயகம் திரும்புதல் சுயவிருப்பத்தின்படியும், பாதுகாப்பாகவும், கண்ணியமாகவும் நடைபெற வேண்டும் என்பது அனைத்துலக அளவில் ஏற்கப்பட்ட நெறி. இந்தியாவோ இலங்கையோ சிங்கப்பூரோ 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை; ஆகவே இந்நெறியைக் காக்க வேண்டிய பொறுப்பு, நடைமுறையில், உதவி செய்யும் ஒவ்வொருவர் மீதும் விழுகிறது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, 1992 முதல் 1995 வரை சுமார் 54,000 பேர் தமிழ்நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் உண்மையில் விரும்பித்தான் போனார்களா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 1992இல் ஐ.நா. அகதிகள் முகமை சென்னையில் இடம்பெற்று, புறப்படுவோரின் விருப்பத்தை நேரில் கேட்டறியத் தொடங்கியது அதன் விளைவாகத்தான். போர் அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்ததால், அப்படிப் போனவர்களில் சிலர் மீண்டும் படகேறி வர நேர்ந்தது.

அதனால் குடும்பத் தலைவர் தொலைபேசியில் சொல்லும் "நாங்கள் எல்லாரும் தயார்" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். மனைவியிடமும், பதினெட்டு வயதைக் கடந்த ஒவ்வொரு பிள்ளையிடமும், முதியவர்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். முகாமிலேயே பிறந்து தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து வளர்ந்த மகளுக்கு, அப்பா சொல்லும் வல்வெட்டித்துறையோ விடத்தல்தீவோ கண்ணால் காணாத ஊர். அவள் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு முழு மதிப்புக் கொடுக்க வேண்டும். முடிந்தால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் முன்னதாகச் சென்று ஊரைப் பார்த்து வருவது நல்லது. ஆனால் முகாமில் பதிவு பெற்றவர் இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டால் மீண்டும் அதே பதிவோடு உள்ளே வர முடியும் என்று எண்ணக் கூடாது. அதனால் பெரும்பாலும் ஊரிலுள்ள உறவினர் ஒருவரோ, சிங்கப்பூரிலிருந்து செல்லும் நீங்களோதான் அந்தப் பார்வையிடலைச் செய்ய வேண்டியிருக்கும். வீடு நிற்கிறதா, கிணற்றில் தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறதா, அருகிலுள்ள பள்ளி எத்தனை தொலைவு, காணியில் (நிலத்தில்) யார் இருக்கிறார்கள் என்பவற்றைப் படங்களோடு அனுப்பினால் குடும்பம் தெளிவாக முடிவெடுக்கும்.

"அவர்களைச் சிங்கப்பூருக்கே அழைத்துக்கொள்ள முடியாதா?" என்று புதியவர்கள் பலர் கேட்பதுண்டு. முடியாது. சிங்கப்பூர் புகலிடம் வழங்குவதில்லை. வியட்நாமியர்களுக்காகச் செம்பவாங் பகுதியில் ஹாக்கின்ஸ் சாலையில் 1978 முதல் 1996 வரை இயங்கிய முகாம்கூட, வேறு நாடு ஏற்கும் வரை தங்கிச் செல்லும் இடமாகவே இருந்தது.

இரண்டாம் படி: ஒவ்வொருவரின் குடியுரிமை நிலையையும் பிரித்தறிதல்

ஒரு தாளில் குடும்பத்தினர் அனைவரின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், கையிலுள்ள சான்று ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் நான்கு வெவ்வேறு சட்ட நிலைகளில் இருக்கக்கூடும் என்பது அந்தத் தாளைப் பார்த்தால்தான் புலப்படும்.

இலங்கையில் பிறந்தவர்களுக்கு அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் அடிப்படை ஆவணம். ஓடி வரும் வழியில் அது தொலைந்திருந்தால், ஊரிலுள்ள உறவினர் அப்பகுதியின் அரச நிர்வாக அலுவலகமான பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம். பதிவேடே அழிந்துபோன இடங்களில் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. இதற்குச் சத்தியக்கடதாசியும் (உறுதிமொழிப் பத்திரம்), கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும், பள்ளிப் பதிவோ திருமுழுக்குப் பதிவோ போன்ற துணைச் சான்றும் தேவைப்படலாம் என்பதால், முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகள், தாய் அல்லது தந்தை இலங்கைக் குடிமகனாக இருந்தால், வம்சாவளிக் குடியுரிமைக்கு (பெற்றோர் வழியாக வரும் இலங்கைக் குடியுரிமைக்கு) உரியவர்கள். ஆனால் அது தானாக வந்துவிடுவதில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்து பெற வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டிய பதிவு இது. காலந்தாழ்ந்தால் கூடுதல் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இங்கேதான் விண்ணப்பங்கள் மிகுதியாகத் தடைப்படுகின்றன. முகாம் கோவிலில் நடந்த திருமணம் பதிவாகியிருக்காது. தமிழ்நாட்டுச் சான்றில் தலைப்பெழுத்தாக இருக்கும் தந்தை பெயர் இலங்கைச் சான்றில் முழுப்பெயராக இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருக்கும். சிங்கப்பூரில் இருந்தபடியே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி, இந்தத் தாள்களின் படங்களைப் பெற்று, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எங்கே திருத்தம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதுதான்.

இந்தியாவில் 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் பிறந்தவர்களின் நிலை வேறு. அக்காலத்து இந்தியச் சட்டப்படி அந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடியுரிமைக்கு உரியவர். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது இந்த அடிப்படையில்தான். இப்படிப்பட்டவர் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை பெற வேண்டும். ஓர் உரிமையைப் பெறப்போய், தனக்கு இருப்பது தெரியாமலேயே இன்னொன்றை இழக்கும் நிலை வரக் கூடாது.

மலையகத்திலிருந்து வடக்கே குடியேறிப் பின்னர் தமிழ்நாடு வந்தவர்கள், மலையகத்தின் இந்திய வம்சாவளித் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்த நாட்டின் பட்டியலிலும் முழுமையாக இடம்பெறாமல் போனவர்களாக இருக்கலாம். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டம், இந்தியாவில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களையும் உள்ளடக்கும் வகையில் 2009இல் திருத்தப்பட்டது. குடும்பத்தில் இந்தியக் குடிமகனை மணந்தவர் இருந்தால், அந்தத் துணைவருக்கு இலங்கையில் வதிவிட விசா தேவை என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: காணி

இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. சிங்கப்பூரில் வாழும் உறவினர்கள் பணத்தைவிடப் பெரிய உதவி செய்யக்கூடிய இடமும் இதுவே.

முதலில் காணி எந்த வகை என்று அறிய வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரும்பாலும் உறுதிக் காணிகள், அதாவது பத்திரம் உள்ள தனியார் நிலங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா குடியேற்றத் திட்டங்களில் அரசு அனுமதிப்பத்திரக் காணிகள் மிகுதி; அவை அனுமதியின் பேரில் கொடுக்கப்பட்ட அரச நிலங்கள். அனுமதிப்பத்திரக் காணியை விற்கவோ விரும்பியபடி பிரித்துக் கொடுக்கவோ முடியாது. உரியவர் இறந்திருந்தால் பொதுவாக அவர் பெயர் குறித்த பின்னுரித்தாளருக்கு (வாரிசுக்கு) அது செல்லும். நீண்ட காலம் குடியிருக்காத காரணத்துக்காக அனுமதி இரத்தாகியிருக்கவும் கூடும். ஆகவே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அந்தக் கோப்பின் இன்றைய நிலையை, குடும்பம் புறப்படும் முன்பே, ஊரிலுள்ள ஒருவர் மூலம் கேட்டறிய வேண்டும்.

உறுதிக் காணியில் வேறு சிக்கல். தனியார் காணியில் ஒருவர் பத்தாண்டுகள் தடையின்றித் தனக்குரியதாகவே அனுபவித்து வந்தால் ஆட்சியுரிமை கோர இலங்கைச் சட்டம் இடமளிக்கிறது. போரினால் தம் காணியை அணுக முடியாமல் போனவர்களைக் காக்க, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் கொள்ளாதவாறு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அதன்கீழ் வழக்குத் தொடரக் கிடைத்த காலம் இரண்டே ஆண்டுகள்; முகாமில் இருந்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரியாமல் அது கடந்துபோயிற்று. எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. எனவே காணியில் வேறொருவர் குடியிருந்தால், அவரும் போரில் வீடிழந்து வந்தவராக இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்து, நீதிமன்றத்துக்கு முன் இரு தரப்பையும் இணங்க வைக்க முயலும் மத்தியஸ்த சபையை நாடுவதே நல்லது என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களில் முதுசொம் (பரம்பரைச் சொத்தான) காணி பெரும்பாலும் பிரிக்கப்படாமல் பலர் பெயரில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த யாழ்ப்பாணத்தாரின் பேரப்பிள்ளைகள் இன்று காத்தோங்கிலோ சிராங்கூனிலோ வாழ்ந்தபடி, தாம் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு வளவில் எட்டில் ஒரு பங்குக்கோ பதினாறில் ஒரு பங்குக்கோ உரியவர்களாக இருக்கிறார்கள். முகாமிலிருந்து திரும்பும் ஒன்றுவிட்ட சகோதரன் அங்கே வீடு கட்டவும், வீட்டுத்திட்ட உதவி கோரவும், தனக்குத் தெளிவான உரித்து இருப்பதைக் காட்ட வேண்டும். உங்கள் பங்கு அவனுக்குத் தடையாக நிற்கும். நீங்கள் அந்தக் காணிக்குப் போகப்போவதில்லை என்றால், நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். நேரில் செல்ல முடியாதவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதி, சிங்கப்பூரில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, உரிய சான்றுறுதி பெற்று, நியூட்டன் சாலையிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தேசவழமையின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்ற விதி இன்னமும் நடைமுறையில் இருப்பதையும், இணை உரித்தாளருக்கு முன்வாங்கும் உரிமை (விற்கப்படும் பங்கை மற்றவர்களுக்கு முன் வாங்கும் உரிமை) உண்டு என்பதையும் உங்கள் நொத்தாரிசு (நோட்டரி) நினைவூட்டுவார். குடும்பத்து மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. ஒருவர் மறைந்தால் பங்கு மேலும் நான்காக உடையும்.

நான்காம் படி: இந்தியாவிலிருந்து முறைப்படி வெளியேறுதல்

முகாம் பதிவு, மாத உதவித்தொகை, இடமாற்றம் ஆகியவற்றை மறுவாழ்வுத் துறையும் வருவாய்த் துறையும் கவனிக்கின்றன; காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு கண்காணிக்கிறது. புறப்படும் குடும்பத்தின் மீது நிலுவையில் வழக்கு எதுவும் இல்லை என்பது உறுதியான பிறகே வெளியேறும் அனுமதி கிடைக்கும். 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தின் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து இந்திய அரசு 2025இல் விலக்கியுள்ளது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக்கு வந்தவர்கள் அந்த விலக்கில் அடங்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனி ஆலோசனை தேவை.

புறப்படும் முன் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, மருத்துவக் குறிப்புகள் அனைத்தின் மூலங்களும் கையில் இருக்க வேண்டும். அடகில் உள்ள நகையை மீட்டுவிட வேண்டும்; பிறகு அனுப்பிவைக்கிறேன் என்று யார் சொன்னாலும் அதை நம்பி விட்டுச் செல்ல வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை தேர்வை முடித்த பிறகு பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆண்டு தமிழ்நாட்டில் ஜூனிலும் இலங்கையில் வழக்கமாக ஜனவரியிலும் தொடங்குவதால், இடையில் வரும் மாதங்களைச் சிங்களம் கற்கப் பயன்படுத்தலாம்.

நீங்கள் இந்தியா சென்று உதவ விரும்பினால், வெளியார் முகாமுக்குள் செல்ல மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதை மறவாதீர்கள். அனுமதியின்றி உள்ளே போனால் விசாரணைக்கு ஆளாவது குடும்பம்தான். 1984இல் சா. செ. சந்திரகாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் நெடுங்காலம் பணியாற்றி வருகிறது. ஆவணப் பணிகளில் அவர்களுக்கு உள்ள பட்டறிவு தனியாளுக்கு வராது.

ஐந்தாம் படி: சிங்கப்பூரிலிருந்து பணம்

சொந்தப் பணத்தை உறவினருக்கு அனுப்புவதில் சிக்கல் இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக, ரசீதோடு அனுப்புங்கள். உண்டியல் எனப்படும் உரிமமற்ற கைமாற்று வழி வேண்டாம். கணக்கில் விளக்க முடியாத தொகை ஓர் அகதிக் குடும்பத்தின் கையில் இருப்பது, பிறருக்கு வராத ஐயங்களை அவர்கள் மீது கொண்டுவரும்.

நண்பர்களிடமும் பொதுமக்களிடமும் திரட்டுவதானால் சட்டம் வேறு. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்க அறநிறுவன ஆணையரின் அனுமதி பெற வேண்டும். திரட்டிய நிகரத் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும் என்ற பொது விதியும், அதற்கான விலக்குகளும் உண்டு. கோவில் வாசலில் தட்டேந்துவதற்கு முன்பும், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வங்கி எண்ணைப் பகிர்வதற்கு முன்பும் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தொகையை ஒரே முறையில் கொடுக்காமல் ஆவணச் செலவு, பயணம், முதல் ஆறு மாத வாழ்க்கை, வீடு என்று பிரித்துக் கொடுப்பது குடும்பத்துக்கே வசதி. ஐநூறு வெள்ளி சிங்கப்பூரில் ஒரு மாதத்து மளிகைச் செலவாக இருக்கலாம். அங்கே அது கிணறு இறைத்துத் துப்புரவாக்கிக் கூரையின் ஒரு பகுதியைச் செப்பனிட உதவும்.

ஆறாம் படி: பயணமும் வந்திறங்குதலும்

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலிக்கும் கொழும்புக்கும் விமானங்கள் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் சேவை தொடங்கி, நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் தொடங்கியது. வானிலையைப் பொறுத்தது என்பதால் முதியவர்களோடு செல்வோர் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அனுமதிக்கப்பட்ட துறை வழியாக அல்லாமல் நாட்டை விட்டு வெளியேறுவது இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியகல்வுச் சட்டப்படி குற்றம். குண்டுகளுக்குத் தப்பி இரவில் படகேறியவர்களுக்கும் அந்த விதி எழுத்தளவில் பொருந்துகிறது. 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் முகமையின் ஏற்பாட்டில் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் இதன் பெயரில் கைது செய்யப்பட்டார். கடும் எதிர்ப்பு எழுந்தது, முகமையும் தன் திட்டத்தை இடைநிறுத்தியது. ஆகவே சீட்டு வாங்கும் வாரத்தில் சென்னைத் துணைத் தூதரகத்திடமும் முகமையிடமும் அன்றைய நடைமுறையைக் கேட்டறியுங்கள். முடிந்தவரை எழுத்தில் பெறுங்கள். வந்திறங்கும் நாளில் ஊரிலுள்ள வழக்கறிஞர் ஒருவர் தொலைபேசியில் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். முகாம் பதிவு அட்டையின் பிரதியும், வெளியேறும் அனுமதியும், விருப்பத்தோடு திரும்புவதைக் காட்டும் தாள்களும் ஒவ்வொருவர் கைப்பையிலும் தனித்தனியாக இருக்கட்டும்.

ஏழாம் படி: முதல் மாதங்கள்

வந்த வாரத்திலேயே கிராம அலுவலரிடம் பதிவுசெய்ய வேண்டும். அதன்பின் தேசிய அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு (பட்டியல்), பள்ளி அனுமதி, அரச உதவிகள் என ஒவ்வொன்றும் அந்தப் பதிவின் மேல்தான் எழும். போரில் காணாமற்போனவர் குடும்பத்தில் இருந்தால், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, காணப்படாமைச் சான்றிதழ் பெறும் வழி 2016 முதல் உள்ளது. மரணத்தை ஒப்புக்கொள்ளக் குடும்பம் தயாராக இல்லாதபோது அவர்களை அதற்கு வற்புறுத்தத் தேவையில்லை.

கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முடியவில்லை. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் பணிக்கான காலக்கெடு 2028. துப்புரவாக்கப்படாத காணிக்குள் விறகு பொறுக்கவோ வேலி போடவோ போகும் முன், அப்பகுதி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்க வேண்டும் என்பதை, ஊரை அறியாத முகாம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை எதைக் குறிக்கிறது என்பதைப் பயணத்துக்கு முன்பே படம் காட்டி விளக்கிவிடுங்கள்.

முதல் ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறையாவது பேசுங்கள். அப்போது அடையாள அட்டை வந்துவிட்டதா, பிள்ளை எந்த வகுப்பில் சேர்க்கப்பட்டது, காணிக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்டு, இரண்டாம் படியில் எழுதிய அதே தாளில் குறித்துக்கொண்டு வந்தால், எந்த வேலை தேங்கிவிட்டது என்பது உடனே தெரியும். அதற்கேற்பவே அடுத்த தவணைப் பணத்தை அனுப்பலாம்.